ஆசிரியர் நால்வர் எழுதிய சாட்சியம்

ஜோகூரையும் சிங்கப்பூரையும் பிரித்து நிற்கும் கடலுக்குத் தெப்ராவ் நீரிணை என்று பெயர். 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிச் சென்ற பிரிட்டிஷ் படையினர் அந்நீரிணையின் குறுக்கே அமைந்த ஜோகூர்ப் பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியப் படை படகுகளில் ஏறி நீரிணையைக் கடந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. படைகளின் நடமாட்டம், தளபதிகளின் பெயர், தாக்குதல் தொடங்கிய நேரம் ஆகிய அனைத்தும் வரலாற்று நூல்களில் துல்லியமாகப் பதிவாகியுள்ளன. அதே போர் இக்கரையின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழரை என்ன செய்தது என்று வினவினால், நூல்களின் குரல் தாழ்ந்துவிடுகிறது.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓர் இரயில் பாதையை ஜப்பானியர் அமைத்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கைதிகள் மறைவாக நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர், இறந்த தோழரின் பெயரையும் புதைத்த இடத்தையும் குறித்து வைத்தனர். ஆதலால் காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் அவர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் பேர் அளவில் இருந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடுவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பல்லாயிரவர். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. பெயர் பொறித்த கல்லும் இல்லை. பிற்காலத்தில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்கள் அத்துயரை எடுத்துரைத்தன. மலேசிய ஆர்வலர்கள் முதியோரைத் தேடிச் சென்று வாய்மொழிகளைத் திரட்டினர். எனினும் காலம் கடந்த பின் கிடைத்தவை சிலவே.

எழுதுவோர் இல்லாத இடத்தில் மாண்டோர் வெறும் எண்ணிக்கையாகிவிடுவர் என்பதற்குச் சயாம் பாதை சான்றாகும். எழுதுவோர் உடனிருந்தால் என்ன நேரும், அதற்கு அவர்கள் எத்தகைய விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கான சான்றோ, அரை நூற்றாண்டிற்குள் யாழ்ப்பாணத்தில் எழுந்தது. அதனை எழுதியவர்கள் ஆசிரியர்கள் என்பதால், தமிழ் கற்பிப்போரும் கற்போரும் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் இலங்கையெங்கும் தமிழருக்கு எதிரான வன்செயல் நிகழ்ந்தது. அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயுதப் போர் மூண்டது. 1987 ஜூலை 29ஆம் நாள் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அமைதி வந்துவிட்டதென்று மக்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி மூன்று மாதங்கூட நிலைக்கவில்லை. அக்டோபரில் இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் வெடித்தது. தீபாவளித் திருநாளாகிய அக்டோபர் 21ஆம் நாளும் மறுநாளும் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர், ஊழியர் என அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றனர்.

அந்த நாள்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நால்வர், கண்ணெதிரே நிகழ்வதை எழுதி வைக்க வேண்டுமென்று துணிந்தனர். ராஜினி திராணகம உடற்கூற்றியல் துறையின் தலைவர். ராஜன் ஹூலும் கோபாலசிங்கம் ஸ்ரீதரனும் கணித விரிவுரையாளர்கள். தயா சோமசுந்தரம் மனநல மருத்துவர். நால்வருள் ஒருவரும் வரலாற்றுத் துறையினர் அல்லர்; இதழாளரும் அல்லர். அவரவர் துறை தந்த பழக்கமே அவர்கட்குக் கருவியாயிற்று. நிறுவப்படாத ஒன்றை உண்மையென ஏற்காதிருப்பது கணிதம் பயின்றோரின் இயல்பு. நோயாளி சொல்வதை இடைமறிக்காது கேட்பது மருத்துவரின் இயல்பு. இவ்விரண்டும் ஒன்றுகூடியதால் ஒரு புதிய பதிவுமுறை பிறந்தது.

1988இல் அவர்களும் உடன் பணிபுரிந்தோர் சிலரும் இணைந்து ‘மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்)’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். பாதிக்கப்பட்டோரின் சொல்லைக் கேட்டனர். ஒரு நிகழ்ச்சியைக் கண்ட பலரின் கூற்றுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினர். சாட்சி கூறியவருக்குத் தீங்கு நேருமாயின் பெயரை மறைத்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றம் இழைத்தவர் யார் என்பதை வைத்து அளவுகோலை மாற்றாதிருந்தனர். இலங்கை அரசின் படை, இந்தியப் படை, விடுதலைப் புலிகள், ஏனைய தமிழ் இயக்கங்கள் ஆகிய நால்வகையினரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனர்.

நால்வரும் சேர்ந்து எழுதிய நூல் ‘முறிந்த பனை’. ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழிலும் வெளிவந்த அந்நூல், போராட்டத்தின் தோற்றத்தையும், அது திசை மாறியதையும், 1987 அக்டோபர்ப் போரில் மக்கள் பட்ட பாட்டையும் விரிவாகக் கூறுகிறது. மருத்துவமனைப் படுகொலையும் அதில் பதிவாகியுள்ளது. போரில் பெண்கள் அடைந்த துயரை ராஜினி தனி இயலாக எழுதினார். சீரழிக்கப்பட்ட பெண்களின் வாய்மொழியைக் கேட்டு எழுத, அன்றைய யாழ்ப்பாணத்தில் பெரும் நெஞ்சுரம் வேண்டியிருந்தது.

ராஜினியின் வாழ்க்கையே அப்பதிவின் நேர்மைக்கு விளக்கம் ஆகும். 1954இல் பிறந்த அவர், கொழும்பில் மருத்துவம் பயின்றார். மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த சிங்கள இளைஞரான தயாபால திராணகமவை மணந்தார். தொடக்க காலத்தில் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாயிருந்து, காயமுற்ற போராளிகளுக்கு மருத்துவம் செய்தவர் அவர். இங்கிலாந்தில் மேற்படிப்பை மேற்கொண்டார். இயக்கத்தின் போக்கைக் கண்டு அதனின்று விலகிய பின்னும், தம் மண்ணைவிட்டு விலக அவர் விரும்பவில்லை. பாதுகாப்பான நாட்டில் தங்கியிருக்க வழியிருந்தும், இரு பெண் குழந்தைகளோடு யாழ்ப்பாணம் திரும்பினார். துன்புற்ற பெண்களுக்கெனப் ‘பூரணி’ என்னும் இல்லம் அமைவதற்கும் துணை நின்றார். தம்மை ஒருநாள் துப்பாக்கி மௌனமாக்கக்கூடும் என்றும், அதனை ஏந்தும் கை அயலாருடையதாக இராது, தம் சமுதாயத்தில் பிறந்த ஒருவருடையதாகவே இருக்கும் என்றும் அவர் மடலொன்றில் எழுதியிருந்தார்.

1989 செப்டம்பர் 21ஆம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 35. கொலைக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பு என்று அவருடைய தோழர்களும் குடும்பத்தினரும் கூறினர். அக்கொலைக்காக எந்த நீதிமன்றமும் எவரையும் தண்டிக்கவில்லை. ‘முறிந்த பனை’ 1990இல் அச்சாகி வெளிவந்தபோது, அதனை எழுதிய நால்வருள் மூவரே எஞ்சியிருந்தனர்.

அச்சத்தால் அப்பணி அத்துடன் நின்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். ஆயினும் அது நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்க இயலாத நிலையில் ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் வெளியேறி, மறைவாக வாழ்ந்தவாறே அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட்டனர். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டனர். அதே ஆண்டில் கிழக்கிலங்கைத் தமிழ்க் கிராமங்களில் அரசுப் படையினர் மக்களைக் கொன்று குவித்தனர். தமிழர் பட்ட துயரையும், தமிழர் பெயரால் பிறர் பட்ட துயரையும் அவர்களின் ஏடுகள் அடுத்தடுத்துத் தாங்கி நின்றன. பள்ளி செல்ல வேண்டிய சிறுவர் இயக்கத்தில் சேர்க்கப்பட்டதையும் அவர்கள் இடைவிடாது எழுதினர். தயா சோமசுந்தரமோ, போர் மனிதரின் உள்ளத்தில் விட்டுச் சென்ற வடுக்களை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். யாழ்ப்பாண மக்களுக்கு மனநல மருத்துவம் செய்தார்.

2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டனர். அவ்விரு நிகழ்ச்சிகளையும் ஆராய்ந்து, அரசுப் படையினரின் பொறுப்பைச் சுட்டிக்காட்டும் அறிக்கையை 2008இல் அவ்வமைப்பு வெளியிட்டது. 2007ஆம் ஆண்டிற்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது ராஜன் ஹூலுக்கும் ஸ்ரீதரனுக்கும் வழங்கப்பட்டது. மனித உரிமைக்காக இடருக்கிடையே உழைப்போருக்கு உலக அமைப்புகள் பல ஒன்றுகூடி அளிக்கும் விருது அது.

2009 மே மாதம் போர் முடிந்தது. அவ்வாண்டிலேயே, வன்னியில் சிக்கியிருந்தோரின் கூற்றுகளைத் திரட்டி இரு அறிக்கைகளை அவர்கள் வெளியிட்டனர். பாதுகாப்பு வலயமென்று அறிவித்த இடத்திலேயே அரசுப் படை எறிகணை வீசியதையும், தப்பியோட முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்துச் சுட்டதையும் அவை ஒருசேரக் கூறின. 2011இல் ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவும் இரு தரப்பின் மீதும் கடும் குற்றச்சாட்டுகள் இருப்பதாகவே தெரிவித்தது. உலக அமைப்பு பின்னர் சொன்னதைச் சில ஆசிரியர்கள் முன்னரே சொல்லிவிட்டனர்.

இவர்களைத் தமிழ்ச் சமுதாயம் முழுவதும் போற்றியதென்று கூறுவது உண்மையாகாது. இன்னல் சூழ்ந்த காலத்தில் சொந்த இனத்தின் குறையை வெளிப்படுத்துவது பகைவருக்குத் துணைபோவதாகும் என்று பலர் கருதினர். துரோகிகள் என்ற வசையையும் அவர்கள் கேட்டனர். இவ்வினா எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வீட்டுக் குறையை ஊரறியச் சொல்லலாமா? அதற்கு அவர்களின் ஏடுகளிலேயே விடை உண்டு. தன் பக்கத்துக் குற்றத்தை மறைத்தவன் பிறர் குற்றத்தைக் கூறும்போது உலகம் நம்புவதில்லை. காத்தான்குடியைப் பற்றி எழுதிய கைகள் எழுதியதனால்தான், மூதூரைப் பற்றி அவை எழுதியபோது அச்சொல்லுக்கு எடை இருந்தது. ‘யாதும் ஊரே’ என்று மேடைதோறும் முழங்கும் இனத்திற்கு, அயலான் வீட்டுப் பிணத்தையும் தன் வீட்டுப் பிணத்தையும் ஒரே கண்ணீரால் நனைக்கும் கடமை உண்டு.

2014இல், ராஜினி மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தபோது, யாழ்ப்பாணத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் நடைபெற்றது. தமிழர், சிங்களர், முஸ்லிம்கள் என மூவினத்தாரும் அதில் கலந்துகொண்டனர். பெயரைச் சொல்லவே அஞ்சிய ஊரில் அவர் பெயர் வெளிப்படையாக ஒலித்தது. எழுதி வைத்த ஏடு பொறுமையாகக் காத்திருந்ததன் பயன் அது.

தெப்ராவ் கரைக்கு மீண்டும் வருவோம். சயாமுக்குச் சென்ற தந்தையை வழியனுப்பிய சிறுவர் சிறுமியர் இன்று தொண்ணூறு அகவையைத் தொட்டு நிற்கின்றனர்; எஞ்சியிருப்போர் மிகச் சிலர். தோட்டங்கள் பல அழிந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆயினும் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஆசிரியர் உண்டு, மாணவர் உண்டு, எழுதுவதற்கு ஏடும் உண்டு. சென்றவரின் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாருடன் சென்றார், யார் திரும்பினார், திரும்பியவர் என்ன சொன்னார் என்னும் ஆறு வினாக்களை ஒரு மாணவன் தன் வீட்டுப் பாட்டியிடம் கேட்டு எழுதினால், தொண்ணூறாயிரம் என்னும் எண்ணிலிருந்து ஒருவர் மீண்டும் மனிதராகிவிடுவார். தோட்டத்துக் கங்காணியின் கொடுமையும், தமிழனே தமிழனைக் காட்டிக் கொடுத்த செய்தியும் அப்பதிவில் இடையே வரக்கூடும். அவற்றையும் மாணவன் விடாது எழுதட்டும். யாழ்ப்பாணத்து ஆசிரியர் நால்வர் உயிரைப் பணயம் வைத்து எழுதினர். இங்கே எழுத விரும்புவோர் அத்தகைய விலை எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வீட்டு வாயிலுக்குச் சென்றால் போதும்.