வரிசையிலிருந்து இடத்துக்கு: லினக்ஸ் நெட்வொர்க் இடைமுகப் பெயர்களின் வரலாறு

முன்னுரை

ஒரு சர்வரில் நான்கு நெட்வொர்க் போர்ட்டுகள் இருந்தால், எந்தப் போர்ட்டுக்கு எந்தப் பெயர் என்பதை நிர்வாகி உறுதியாக அறிந்திருக்க வேண்டும். ஃபயர்வால் விதிகளும் ஐபி முகவரிகளும் அந்தப் பெயரை நம்பியே எழுதப்படுகின்றன. கணினியை மறுபடி இயக்கும்போது பெயர்கள் மாறினால், உள்வலைக்கு எழுதிய விதி வெளிவலைக்குப் பொருந்திவிடும்; காவல் இருக்க வேண்டிய வாசல் திறந்து கிடக்கும். இச்சிக்கலை லினக்ஸ் உலகம் தீர்த்துக்கொண்ட வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. கெர்னலின் திறமை மட்டும் இதற்குப் போதவில்லை. போர்ட் இருக்கும் இடத்தைக் கணினி செய்தவரே பயாஸில் எழுதிவைத்தபோதுதான் பெயர்கள் நிலைபெற்றன என்பதே இதன் வாதம்.

கண்டறிந்த வரிசை

கெர்னல் தொடக்கம் முதலே ஈதர்நெட் கார்டுகளுக்கு ஈத்0, ஈத்1 எனத் தான் கண்டறிந்த வரிசையில் பெயரிட்டது. ஒரே கார்டு உள்ள கணினியில் இதனால் தொல்லை இல்லை. பல கார்டுகள் வந்தபோது வரிசையே சிக்கலானது. 2.4 கெர்னல் பிசிஐ சாதனங்களை மட்டம் மட்டமாக எண்ணியது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலோ ஒவ்வொரு கிளையாக அடிவரை சென்று எண்ணியது. கெர்னலை மாற்றியதும் சில சர்வர்களில் ஈத்0, ஈத்1 இரண்டும் இடம் மாறின. பழைய வரிசையை மீட்க 'பிசிஐ=பிஎஃப்சார்ட்' என்ற தேர்வு சேர்க்கப்பட்டது; டெல், எச்பி நிறுவனங்களின் சில மாடல்களுக்குக் கெர்னலே அதைத் தானாக இயக்கியது. டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஏற்றப்படும் முறை வந்தபின் வரிசை இன்னும் நம்பத்தகாததாயிற்று.

புதுச்சேரியில் ஒரு கடையை 'நேரு வீதியும் மிஷன் வீதியும் சந்திக்கும் முனை' என்று சொன்னால் வெளியூர்க்காரரும் போய்ச் சேர்வார். 'ஊரில் மூன்றாவதாகத் திறந்த கடை' என்றால் ஊர்க்காரரே விழிப்பார். ஈத் எண்கள் இந்த இரண்டாம் வகை.

மேக் முகவரி என்னும் இடைக்காலத் தீர்வு

அடுத்து, சாதனங்களை நிர்வகிக்கும் யூடெவ் என்ற மென்பொருள், ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியையும் அதன் பெயரோடு பிணைத்து ஒரு விதிக் கோப்பில் பதிந்துவைத்தது. அதே கார்டு இருக்கும்வரை பெயர் மாறவில்லை. ஆனால் பழுதான கார்டை மாற்றினாலோ, மெய்நிகர் கணினியை நகலெடுத்தாலோ மேக் முகவரி வேறாகிவிடும். ஈத்0 காணாமல்போய் ஈத்1 தோன்றும். கெர்னல் வழங்கும் ஈத் பெயர்களுக்குள்ளேயே யூடெவும் பெயர் மாற்றியதால் இரண்டும் மோதிக்கொண்டன.

பயாஸின் சாட்சியம்

டெல் நிறுவனம் வேறு திசையில் விடை தேடியது. அதன் பொறியாளர்கள் மேட் டாம்ஷ், ஜோர்டன் ஹார்கிரேவ் முதலியோர் உருவாக்கிய 'பயாஸ்டெவ்நேம்' என்ற கருவி, கணினியின் வன்பொருளை விவரித்துப் பயாஸ் தரும் எஸ்எம்பயாஸ் அட்டவணைகளைப் படித்தது. அவற்றில் 9ஆம் வகைப் பதிவு ஸ்லாட்டுகளையும், 41ஆம் வகைப் பதிவு மதர்போர்டிலேயே பொருத்தப்பட்ட சாதனங்களையும் விவரிக்கும். இவ்விவரங்களைக் கெர்னல் வழியாகவே வெளிப்படுத்தும் பணியும் 2010இல் டெல் பொறியாளர்களால் நடந்தது.

2011 மே மாதம் வெளியான ஃபெடோரா 15 இம்முறையை ஏற்றது. மதர்போர்டின் முதல் போர்ட் 'இஎம்1'. மூன்றாம் ஸ்லாட்டின் முதல் போர்ட் 'பி3பி1'. சர்வரின் பின்புறம் அச்சிட்ட எண்ணும் திரையில் தெரியும் பெயரும் ஒன்றாயின. கேபிள் செருகும் பணியாளருக்கு இது பெரும் விடுதலை.

பொதுவிதியும் அதன் சோதனையும்

லினக்ஸின் தொடக்கப் பணிகளை நடத்தும் சிஸ்டம்டி மென்பொருளின் 2013 ஜனவரியில் வந்த 197ஆம் பதிப்பு இக்கருத்தைப் பொதுவிதியாக்கியது. பயாஸ் போன்ற ஃபார்ம்வேர் தரும் எண் இருந்தால் 'இஎன்ஓ1'; ஸ்லாட் எண் இருந்தால் 'இஎன்எஸ்1'; இரண்டும் இல்லையெனில் பிசிஐ இடத்தைக் கொண்டு 'இஎன்பி2எஸ்0'. கெர்னலோடு மோதாதிருக்க ஈத் பெயர்கள் கைவிடப்பட்டன. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 2014இலும், உபுண்டு 15.10 அடுத்த ஆண்டிலும், டெபியன் 9 2017இலும் இதை ஏற்றன. இந்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸுக்கு அடித்தளம் டெபியன் என்பதால், நம் நாட்டுக்கும் இம்முடிவு முக்கியமானது.

ஆனால் ஃபார்ம்வேர் சொல்வதெல்லாம் உண்மையாக இருப்பதில்லை. விஎம்வேரில் சென்ட்ஓஎஸ் 7 நிறுவிய பலர் 'இஎன்ஓ16777736' என்ற பெயரைக் கண்டு திகைத்தார்கள். மெய்நிகர் ஃபார்ம்வேர் தந்த பொருளற்ற எண்ணே அது. பின்னர் சிஸ்டம்டி 16383க்கு மேற்பட்ட எண்களை ஏற்க மறுத்தது. இத்தகைய திருத்தங்கள் பெயர்களையும் மாற்றக்கூடியவை. ஆகவே 2018 டிசம்பரில் வெளியான 240ஆம் பதிப்பு, பெயரிடும் விதிக்கே பதிப்பு அடையாளம் தந்தது; நிர்வாகி விரும்பிய விதியில் நிலைத்திருக்கலாம். 2020இல் வந்த 5.5 கெர்னல் ஓர் இடைமுகத்துக்குப் பல மாற்றுப் பெயர்களையும் அனுமதித்தது.

முடிவுரை

இந்த வரலாற்றில் பொறுப்பு படிப்படியாகப் பகிரப்பட்டிருக்கிறது. கணினி செய்பவர் இடத்தைச் சரியாக எழுத வேண்டும். கெர்னல் அதைத் திரிக்காமல் வெளிக்காட்ட வேண்டும். இயங்குதளம் வழங்குவோர் விதியை அறிவித்து அதில் நிற்க வேண்டும். மூவரில் ஒருவர் தவறினாலும் பெயர் நிலைக்காது. கல்லூரி ஆய்வகங்களில் லினக்ஸ் கற்பிப்போர், பழைய ஈத் பெயர்களுக்குத் திரும்பும் குறுக்குவழியை மட்டும் மாணவர்க்குக் காட்டிவிட்டு நகர்வது பிழை. பெயர் எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கும் பயிற்சியே, நாளை பெரிய சர்வர்களைப் பொறுப்பேற்கப்போகும் அவர்களுக்குக் கைகொடுக்கும்.