பக்கவாதம், தலைக்காயத்திற்குப் பின் மீண்டும் கற்றலும் பணிக்குத் திரும்புதலும்

பக்கவாதமோ தலைக்காயமோ ஏற்பட்டு வீடு திரும்பியவரைப் பற்றிக் குடும்பத்தினர் முதலில் கேட்பது, "கை கால் எப்போது சரியாகும்?" என்பதே. சில மாதங்கள் கழித்து, பூதப்பாண்டி வட்டாரத்துப் புறநோயாளிகள் பிரிவில் நான் கேட்கும் கேள்வி வேறு. "நடக்கிறார், பேசுகிறார், ஆனால் கடைக்கணக்குப் பார்க்க முடியவில்லை. சிறு சொல்லுக்கும் சினம் வருகிறது. எதையும் தாமாகத் தொடங்குவதில்லை. சோம்பலா, பிடிவாதமா?" பெரும்பாலும் இரண்டும் அல்ல.

முன்மடலின் பணி

நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி முன்மடல் எனப்படும். வேலையை வரிசைப்படுத்துதல், சினத்தை அடக்குதல், ஒன்றைச் செய்யும்போதே மற்றொன்றை நினைவில் வைத்திருத்தல் ஆகியவை இதனைப் பெரிதும் சார்ந்தவை. கன்னிப்பூ நடவுக்கு ஆள் பேசி, நீர்ப் பாய்ச்சலைக் கவனித்து, கூலியைக் கணக்கிட்டு, இடையில் எழும் பூசலையும் தீர்த்துவைப்பவரின் தலைமைத்திறன் இப்பகுதியின் உழைப்பையே பெரிதும் நம்பியுள்ளது. இங்கோ, இதனோடு இணைந்த நரம்புப் பாதைகளிலோ பாதிப்பு ஏற்பட்டால், கை கால் வலுவாக இருந்தும் குடும்பத்தை நடத்தியவர் திண்ணையில் அமர்ந்துவிடுகிறார். வெளியில் காயம் தெரியாததால் பழி அவர் குணத்தின் மீது விழுகிறது.

இத்தகையவரிடம் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முழுப் பொறுப்பையும் கொடுப்பது பயன் தராது. எல்லா முடிவுகளையும் அவரை விலக்கிவிட்டு எடுப்பதும் தீங்கே. இரண்டு வழிகளைச் சொல்லி, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். வேலையைச் சிறு படிகளாக எழுதிக் கொடுத்து, முதல் படியை உடனிருந்து தொடங்கிவைக்கலாம்.

மூளை எவ்வாறு மீண்டும் கற்கிறது

இறந்த நரம்பணுக்கள் பொதுவாகத் திரும்புவதில்லை. எஞ்சியவை புதிய இணைப்புகளை உருவாக்கி, இழந்த பணியின் ஒரு பகுதியை ஏற்கின்றன. இதனை மூளையின் நெகிழ்திறன் என்கிறோம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்த சிலருக்கு இல்லாத கையில் வலி தோன்றுவதை 1990களில் ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் நல்ல கையின் பிம்பத்தை இழந்த கையாக மூளை ஏற்கும்போது, அவர்களுள் சிலருக்கு வலி குறைந்தது. இதே கண்ணாடிப் பயிற்சி, பக்கவாதத்தால் வலுவிழந்த கைக்கும் இன்று துணைச் சிகிச்சையாக அளிக்கப்படுகிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் பயன் தருவதன்று. இயன்முறை மருத்துவர் காட்டிய வழியில் செய்ய வேண்டும்.

மூளை எதைப் பயில்கிறதோ அதையே கற்கிறது. தோவாளையில் பூக்கட்டுபவர் ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே இருந்தால் பிடி வலுப்படலாம். பூக்கட்டும் திறன் வர, கையில் நாரும் பூவும் இருக்க வேண்டும். கைபேசியில் கிடைக்கும் 'மூளைப் பயிற்சி' விளையாட்டுகளும் பெரும்பாலும் அந்த விளையாட்டில் மட்டுமே தேர்ச்சி தருகின்றன. நினைவாற்றலுக்கென விளம்பரப்படுத்தப்படும் மருந்துகளுக்குப் பணம் செலவிடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரே மூச்சில் இரண்டு மணிநேரம் பயில்வதைவிட, இடைவெளி விட்டு நாளுக்கு நான்கு முறை அரைமணி நேரம் பயில்வது மனத்தில் நன்கு பதியும். சற்று முன் படித்ததை நூலைப் பாராமல் சொல்லச் செய்வது, மீண்டும் படிப்பதைவிடப் பயனுள்ளது. ஆனால் நினைவு பெரிதும் சிதைந்தவருக்கு இது பொருந்தாது. ஊகித்துச் சொன்ன தவறே அவர் மனத்தில் பதிந்துவிடக்கூடும். அவருக்குச் சரியான விடையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கற்றது நிலைபெறுவதில் உறக்கத்திற்குப் பெரும் பங்குண்டு. விடியுமுன் ரப்பர் தோட்டத்திற்குச் செல்பவர்களுக்கும் பூச்சந்தையில் உழைப்பவர்களுக்கும் இதுவே கடினமான பகுதி. மீண்டுவரும் மாதங்களிலாவது பகல்நேர வேலை கேட்டுப் பெறுவது நல்லது.

பணிக்குத் திரும்புதல்

மீட்சி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் விரைவாக இருக்கும், அதன்பின்னும் தொடரும். பக்கவாதத்திற்குப் பின் வரும் களைப்பு, சற்று ஓய்வெடுத்தால் நீங்கும் சாதாரணக் களைப்பன்று. எனவே நாளுக்கு இரண்டு மணிநேரத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துங்கள். இரைச்சலற்ற இடம், ஒரு நேரத்தில் ஒரே வேலை, கையில் குறிப்பேடு ஆகியவை பெரிதும் உதவும். வாகனம் ஓட்டுதல், ஏணி அல்லது மரம் ஏறுதல் ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும் வரை தவிர்க்க வேண்டும்.

பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரை அக்காரணத்திற்காகப் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கூறுகிறது. அவரால் இயலும் வேறு பணிக்கு அதே ஊதியத்தில் மாற்ற வேண்டும். இதை அறியாமல் விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் எழுதுபவர் உதவியும் வழங்க இச்சட்டத்தில் இடமுண்டு.

பக்கவாதத்திற்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. அழுகை, உணவில் விருப்பமின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் கூறுங்கள், இதற்கு மருந்துண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். உடல் தேறியது என்று மாத்திரையை நிறுத்துவது மீண்டும் பக்கவாதம் வர வழிவகுக்கும்.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், வலிப்பு, தலைக்காயத்திற்குப் பின் கூடிவரும் தலைவலி, வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் உடனே 108-ஐ அழைக்கவும். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சையை முடிவுசெய்ய மருத்துவருக்கு அது தேவைப்படும்.