லாஸ்பேட்டை: போரின் செலவும் அமைதியின் வரவும்

லாஸ்பேட்டை புதுச்சேரி நகரின் வடபகுதியில், விமானநிலையத்தை ஒட்டி அமைந்த ஊராகும். அரசுப் பதிவுகளில் இலாசுப்பேட்டை எனவும் எழுதப்படுகிறது. பெயரில் உள்ள 'லா', 1765 முதல் 1777 வரை பிரெஞ்சு ஆளுநராக இருந்த ழான் லா தெ லோரிஸ்தோனைக் குறிக்கும். பிரான்சில் காகிதப் பணத்தைப் புகுத்தி 1720-இல் பெரும் சரிவைக் கண்ட ஜான் லாவின் தம்பி மகன் இவர். அந்தப் பெரியப்பா 1719-இல் ஒருங்கிணைத்த வணிகக் கம்பெனியே புதுச்சேரியை ஆண்டது. தம்பி மகன் கையில் வந்ததோ போரில் இடிந்த ஊர்.

கம்பெனியின் முதன்மைச் சரக்கு துணி. அதை வாங்க ஐரோப்பாவிலிருந்து வெள்ளி வரவேண்டும். கப்பல் தாமதித்தால் வணிகம் படுத்துவிடும். இந்த நெருக்கடிக்கு ஆளுநர் டூப்ளே கண்ட வழி நிலவரி. சந்தா சாகிபுக்குப் படை உதவி செய்ததற்குக் கைமாறாக 1749-இல் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் கம்பெனிக்குக் கிடைத்தன. காகிதத்தில் கணக்கு நேராகவே இருந்தது. ஆனால் வரி தரவேண்டிய வயல்களின் மீதே படைகள் நடந்தன. குடியானவரும் நெசவாளரும் ஊரை விட்டு ஓடினால் வரியும் இல்லை, துணியும் இல்லை. 1754-இல் டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். போருக்குச் சொந்தப் பணத்தைச் செலவிட்டதாகக் கம்பெனியிடம் கேட்டுக்கொண்டே 1763-இல் வறுமையில் இறந்தார்.

1758-இல் வந்த தளபதி லாலிக்குக் கிடைத்தது காலிக் கருவூலம். தஞ்சை மன்னர் முன்பு எழுதிக்கொடுத்த 56 லட்சம் ரூபாய்க் கடன் பத்திரத்தை வசூலிக்கத் தஞ்சாவூர் மீது படையெடுத்தார், பலிக்கவில்லை. சென்னை முற்றுகையும் 1759 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஓராண்டுக்கு மேல் சம்பளம் காணாத ஐரோப்பியச் சிப்பாய்கள் வந்தவாசியில் கலகம் செய்தனர். மூன்று மாதம் கழித்து, 1760 ஜனவரி 22 அன்று, அங்கேயே அயர் கூட்டிடம் லாலி தோற்றார். அந்தத் தோல்விக்குப் படைத்திறனைக் காட்டிலும் சம்பளப் பாக்கியையே முதல் காரணமாகக் கொள்ளலாம்.

முற்றுகையில் உணவு குறைந்தபோது, 1760 நவம்பரில் லாலி ஊருக்குள் எஞ்சியிருந்த உள்நாட்டு மக்கள் சுமார் 1400 பேரை வெளியே அனுப்பினார். ஆங்கிலேயரும் அவர்களை விடவில்லை. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக, இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் சில நாட்கள் பட்டினி கிடந்தனர். எந்தப் போர்ச் செலவுக் கணக்கிலும் இவர்களுக்கு ஒரு பத்தி கிடையாது.

1761 ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே மாதம்தான். வென்றவர்களுக்குள்ளும் பணத் தகராறு எழுந்தது. நகரத்தைக் கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் அரசரின் படைக்குப் பணம் தரமுடியாது என்றார் சென்னை ஆளுநர் பிகட். படைத்தலைவர்கள் வேறு வழியின்றி இணங்கினர். பிறகு கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. கடலூர் புனித டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்கு அது பதிலடி.

1763 பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. 1749-க்குப் பின் பிடித்த நிலங்களைத் தரவில்லை. 1765 ஏப்ரலில் ஊரைப் பெற்ற லா, வீடுகளைக் கட்டுவதோடு ஓடிப்போன மக்களையும் திரும்பக் குடியேற்ற வேண்டியிருந்தது. சந்தையும் கைத்தொழிலும் உள்ள புறநகர்க் குடியிருப்பைப் 'பேட்டை' என்பது தமிழ் வழக்கு. கோட்டை கட்டிய ஆளுநர்கள் பலர். பேட்டையில் பெயர் நின்றவர் லா. 1769-இல் கம்பெனியின் தனியுரிமையும் நிறுத்தப்பட்டு, தனி வணிகர்கள் வந்தனர்.

1778-லும் 1793-லும் ஆங்கிலேயர் மீண்டும் நகரைப் பிடித்தனர். இறுதியாகத் திருப்பித் தந்தது 1816-இல். அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் செய்த ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குப் போனது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்கு வந்தது. டூப்ளே படை நடத்தித் தேடிய நிலையான வருமானம் இப்படி உப்பிலிருந்து கிடைத்தது. 1818-இல் உப்பளங்களில் உற்பத்தியே நிறுத்தப்பட்டு, உரிமையாளர்களுக்கு இழப்பீடு ஒதுக்கப்பட்டது.