எளிய சொல்லைத் தேடிப் போன அகராதிகள்

ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது, ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் 1604இல் வெளியிட்ட சிறு நூல். அதில் ஏறத்தாழ 2,500 சொற்கள் இருந்தன. எல்லாமே லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு போன்ற மொழிகளிலிருந்து வந்து சேர்ந்த கடினச் சொற்கள். லத்தீன் படிக்க வாய்ப்பில்லாத பெண்களும் பிறரும் பிரசங்கத்திலும் புத்தகத்திலும் அவற்றை எதிர்கொண்டபோது திகைத்து நிற்கக் கூடாது என்பது காட்ரியின் நோக்கம். ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு எளிய சொல் இருக்கும், அவ்வளவுதான். எடுத்துக்காட்டு வாக்கியம் கிடையாது. அது தேவைப்படவும் இல்லை. புத்தகத்தை வாங்கியவருக்கு ஆங்கிலம் தாய்மொழி. பொருள் தெரிந்துவிட்டால், அந்தச் சொல்லை எங்கே வைத்துப் பேசுவது என்பது தானாக வந்துவிடும். சாப்பிடு, போ, கொடு என்பவற்றுக்கெல்லாம் அகராதியில் இடம் தர வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சொல்லோடு வாக்கியத்தையும் சேர்த்து அச்சிடும் வழக்கத்தை ஆங்கிலத்தில் நிலைநாட்டியவர் சாமுவேல் ஜான்சன். இத்தாலியில் க்ருஸ்கா அகாதெமியின் அகராதி 1612லேயே இதைச் செய்திருந்தது. ஜான்சன் லண்டன் கஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடியில் ஆறு எழுத்தர்களை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். புத்தகங்களைப் படித்து, வேண்டிய சொல்லின் அடியில் கோடிட்டுக் கொடுப்பார். எழுத்தர்கள் அந்த வரியைப் பெயர்த்தெழுதுவார்கள். 1755இல் வெளிவந்த அகராதியில் சுமார் 43,000 தலைச்சொற்களும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன. ஆனால் அந்த மேற்கோள்கள் படிப்பவர் பின்பற்றிப் பேசுவதற்கான மாதிரிகள் அல்ல. ஒரு சொல்லை நல்ல எழுத்தாளர் ஒருவர் கையாண்டிருக்கிறார் என்பதற்கான சாட்சி அவை. கூடவே கொஞ்சம் அறிவுரையும் புகட்ட வேண்டும் என்று ஜான்சன் நினைத்தார். தத்துவவாதி ஹாப்ஸின் கொள்கைகள் அவருக்குப் பிடிக்காது. அதனால் அவரிடமிருந்து ஒரு வரியும் எடுக்காமல் தவிர்த்தார் என்பார்கள்.

இந்தச் சாட்சி முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. லண்டன் மொழியியல் கழகம் 1857இல் தொடங்கிவைத்த திட்டம் இது. 1879இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியரானார். சொற்களை வரியோடு சீட்டில் எழுதி அனுப்பும்படி பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றைப் பிரித்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. வழக்கொழிந்த ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்கு ஐம்பது சீட்டு வாக்கில் இருந்தன. எல்லோரும் நாள்தோறும் சொல்லும் ‘அப்யூஸ்’ என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை. வழக்கமான சொல் யார் கண்ணிலும் படவில்லை. காட்ரியின் காலத்திலிருந்து இருந்துவந்த பழக்கம்தான் இது. மர்ரேயின் சீட்டுகள் அதை எண்ணிக்கையாகக் காட்டின. 1928இல் பேரகராதி முடிந்தபோது அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களும் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் மாணவர் எவரும் அதை வைத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதியிருக்க முடியாது.

எளிய சொற்களின் பக்கம் பார்வையைத் திருப்பியவர்கள் வகுப்பறை ஆசிரியர்கள். அதுவும் பெரும்பாலும் ஆசியாவில் வேலை பார்த்தவர்கள். மைக்கேல் வெஸ்ட் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளச் சிறுவர்களின் ஆங்கிலப் பாடநூல்களில், மீண்டும் ஒருமுறை கண்ணில் படவே போகாத இலக்கியச் சொற்கள் மண்டிக்கிடப்பதைக் கண்டார். அவற்றை நீக்கி, அடிக்கடி வரும் சொற்களை மட்டும் வைத்து, புதிய சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழாதபடி இடைவெளி விட்டு வாசிப்பு நூல்கள் எழுதினார். எது அடிக்கடி வருகிறது என்பதை அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் ஏற்கெனவே எண்ணத் தொடங்கியிருந்தார். 10,000 சொற்கள் கொண்ட அவருடைய பட்டியல் 1921இல் வந்தது. வெஸ்ட் 1935இல் ஜே. ஜி. என்டிகாட்டுடன் சேர்ந்து வெளியிட்ட அகராதி இன்னொரு படி மேலே போனது. அதில் சுமார் 24,000 பதிவுகளுக்கும் 1,490 சொற்களை மட்டுமே கொண்டு விளக்கம் எழுதியிருந்தார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய், அந்தப் பொருளுக்கே பொருள் தேட வேண்டிய அவதி இதனால் குறைந்தது. வெஸ்ட் 1953இல் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பொதுப் பட்டியல் பல பத்தாண்டுகள் பாடநூல் எழுதியவர்களின் மேசையில் இருந்தது.

வாக்கியத்தின் வேலை மாறியது ஜப்பானில். 1922இல் ஜப்பானியக் கல்வித் துறையின் அழைப்பில் டோக்கியோ சென்ற ஹெரால்ட் பால்மர், அடுத்த ஆண்டு ஆங்கிலப் பயிற்றல் ஆய்வுக் கழகம் ஒன்றை அங்கே நிறுவினார். 1924இல் கியூஷுத் தீவின் ஓயிதாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த ஏ. எஸ். ஹார்ன்பி பின்னர் அவரோடு சேர்ந்துகொண்டார். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று இருவரும் திரட்டியவை 1933இல் ஓர் அறிக்கையாயின. பால்மர் 1938இல் வெளியிட்ட நூல் வெறும் ஆயிரம் சொற்களைப் பற்றியது. ஆனால் அந்த ஆயிரமும் வாக்கியத்துக்குள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை விரிவாகச் சொன்னது.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் பொருள் தெரியாததால் வந்ததல்ல. ‘அட்வைஸ்’, ‘சஜஸ்ட்’ இரண்டுக்கும் பொருள் தெரிந்த மாணவர், ‘ஐ அட்வைஸ்டு ஹிம் டு கோ’ என்று சரியாக எழுதுவார். அதே தடத்தில் ‘ஐ சஜஸ்டட் ஹிம் டு கோ’ என்றும் எழுதிவிடுவார். இரண்டாவது பிழை. ஆங்கிலேயருக்கு இந்தப் பிழை வராது. ஆகவே ஆங்கிலேயருக்காக எழுதப்பட்ட எந்த அகராதியும் இதைத் தடுக்கவில்லை. ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு மூவரும் தொகுத்த அகராதி இந்த இடத்தைக் குறிவைத்தது. வினைச்சொற்களை 25 அமைப்புகளாகப் பிரித்து, எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்று எண்ணிட்டுக் காட்டியது. எண்ணக்கூடிய பெயர்ச்சொல் எது, எண்ண முடியாதது எது என்று குறித்தது. தொகுப்பாளர்களே கோத்த சிறு வாக்கியங்களும் தொடர்களும் பக்கம் பக்கமாக இருந்தன. அவை எவருடைய சாட்சியும் அல்ல. மாணவர் அப்படியே எடுத்துப் பேச வேண்டிய அச்சுகள்.

அகராதியின் கைப்பிரதி ஆயத்தமானபோது போர் மூண்டது. 1941 டிசம்பரில் ஜப்பானும் பிரிட்டனும் எதிரிகளாயின; டோக்கியோவில் இருந்த ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டு 1942இல் நாடு திருப்பி அனுப்பப்பட்டார். அதே ஆண்டில் டோக்கியோவின் கைதாகுஷா பதிப்பகம் அந்த ஆங்கில–ஆங்கில அகராதியை அச்சிட்டு வெளியிட்டது. பகை நாட்டு மொழியின் அகராதியை நடுப்போரில் அச்சேற்றிய பதிப்பகத்தின் துணிவு சாதாரணமானதல்ல. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அந்தப் பக்கங்களையே புகைப்பட முறையில் மறுஅச்சு செய்தது. 1952இல் பெயர் மாறி, இன்று உலகெங்கும் தெரிந்த ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் தலைமுறை தொடங்கியது. 1978இல் வந்த லாங்மன் அகராதி, வெஸ்டின் வழியில், சுமார் 2,000 சொற்களுக்குள்ளேயே விளக்கங்களை அடக்கியது.

அடுத்த மாற்றம் கணினியால் வந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், காலின்ஸ் பதிப்பகத்தின் துணையோடு, கோடிக்கணக்கில் புழங்குசொற்களைக் கணினியில் சேர்த்து ஆராய்ந்தார்கள். 1987இல் வெளியான கோபில்ட் அகராதியின் எடுத்துக்காட்டுகள் கணினித் தொகுப்பில் கிடைத்த உண்மை வாக்கியங்கள். தொகுப்பாளர் மனத்தில் கோக்கும் வாக்கியம் மொழியைப் பொய்யாகக் காட்டும் என்றார் சின்க்ளேர். விளக்கங்களும் முழு வாக்கியங்களாயின: ‘நீங்கள் ஒருவரிடம் இப்படிச் செய்தால்…’ என்று தொடங்கி அந்தச் சொல்லையே புழங்கவிட்டுப் பொருள் சொன்னார்கள். எதிர்ப்பும் எழுந்தது. எங்கிருந்தோ பிடுங்கிய வாக்கியத்தில் தொடர்பில்லாத பெயரும் செய்தியும் ஒட்டிக்கொண்டு வரும். கற்பவரின் கவனம் சொல்லைவிட்டு அதில் போய்விடும். இந்தக் குறை நியாயமானது. தொடக்க நிலை மாணவருக்குக் கோத்த வாக்கியமே கூடுதலாகக் கைகொடுக்கிறது. உண்மை வாக்கியத்தின் பயன், கற்பவர் ஓரளவு தேறிய பிறகுதான் தெரியும். பின்னால் வந்த பல அகராதிகள் தொகுப்பிலிருந்து எடுத்து, கொஞ்சம் செதுக்கித் தருகின்றன.

தமிழ் மாணவரின் கைக்கு வந்த ஆங்கில அகராதிகள் வேறு மரபைச் சேர்ந்தவை. வேப்பேரியில் ஃபப்ரீசியஸ் 1786இல் அச்சிட்டது முதல், சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக அ. சிதம்பரநாதன் செட்டியார் 1960களில் பதிப்பித்த பெரிய ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் வரை, அவை முதன்மையாக நிகர்ச்சொல் தருபவை. பள்ளிப் பிள்ளைகளிடம் பரவிய லிஃப்கோவும் இந்த வழியில் வந்ததே. படிப்பதற்கு அது போதும். எழுதப் போகும்போதுதான் ‘சஜஸ்ட்’ காலை வாரும். தமிழுக்கே சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924–1936) இலக்கிய மேற்கோள்களைச் சாட்சியாகத் தந்தது. இன்றைய வழக்கைக் காட்டும் எடுத்துக்காட்டு வாக்கியங்களை முறையாக அமைத்தது 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அங்கும் எளிய சொற்களுக்குத் தனிக் கவனம் கிடைத்தது: ‘விடு’, ‘கொள்’ போன்றவை இன்னொரு வினையோடு சேரும்போது பெறும் பொருள்கள், துணைவினை என்ற குறிப்போடு, வாக்கியங்களால் விளக்கப்பட்டன.