சங்கர்லால் டீயும் கும்மிடிப்பூண்டி ரயிலும்

போன வாரம் பரண் சுத்தம் பண்ணும்போது நைனாவோட பழைய தகரப் பெட்டி கிடைச்சுது. உள்ளே அட்டை கிழிஞ்ச 'பெர்லினில் சங்கர்லால்'. பொன்னேரியில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகிற ரயிலிலேயே மூணு நாளில் படிச்சு முடிச்சேன்.

காலேஜ் படிக்கும்போது இதே புத்தகத்தை வச்சு நைனாவை நக்கல் பண்ணியிருக்கேன். "இதெல்லாம் ஒரு எழுத்தா?" அப்போ நான் தீவிர சுஜாதா கட்சி. அவரு ஒண்ணும் சொல்லாம புத்தகத்தைப் பெட்டியில வச்சுட்டாரு. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் வரலாறு. தமிழில் துப்பறியும் நாவல் நூறு வருஷத்துக்கு மேல பழசு. ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-லேயே வந்தாச்சு. அதில் வர்ற துப்பறியும் கோவிந்தன்தான் நம்ம முன்னோடிகளில் ஒருத்தர். அப்புறம் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். இவங்க இங்கிலீஷ் கதைகளை எடுத்து நம்மூர் வேட்டி கட்டி விட்டாங்க. வெளிநாட்டுக் கதை இங்கே வந்தது.

தமிழ்வாணன் அதைத் திருப்பிப் போட்டார். நம்ம ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பினார். 1926-ல் தேவகோட்டையில் பிறந்து 1977-ல் மறைந்தவர், 'கல்கண்டு' ஆசிரியர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும், ஆளைச் சொல்லிடலாம். அவரோட சங்கர்லால் பெர்லின், டோக்கியோ என்று பறந்துகொண்டே இருப்பார். போகிற இடமெல்லாம் டீ குடிப்பார். டீ உள்ளே போனா மூளை வேலை செய்யும்.

இப்போ நியாயமா குறையையும் சொல்லணும். இயான் ஃப்ளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் 1953-ல் வந்தது. ஜான் லெ காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' 1963-ல். ரெண்டு பேருமே உளவுத்துறையில் வேலை பார்த்தவங்க. பாண்ட் அரசாங்கத்துக்காகக் கொல்கிறான். லெ காரேயின் ஆளை அரசாங்கமே பகடைக்காயா உருட்டுது. அந்தக் கதை பெர்லின் சுவரில்தான் ஆரம்பிச்சு அங்கேயே முடியும். சங்கர்லாலுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. அவர் தனியார் துப்பறிவாளர். யாருக்காக உளவு பார்க்கிறோம், நம்மை அனுப்பினவன் யோக்கியனா என்ற கேள்வியே அவருக்கு வராது. நம்ம நாடும் 1962, 1965-ல் ரெண்டு போரைப் பார்த்திருந்தது, ஆனாலும் வராது. கெட்டவன் கெட்டவன், சங்கர்லால் சங்கர்லால். பெர்லின் வெறும் திரைச்சீலை.

வசனமும் அப்படித்தான். எல்லாரும் மேடையில் பேசுற மாதிரி சுத்தத் தமிழ். 1968-ல் குமுதத்தில் 'நைலான் கயிறு' வந்ததும் இந்த நடை ஒரே நாளில் கிழடு தட்டின மாதிரி ஆகியிருக்கும். சுஜாதாவின் கணேஷ் 'ப்ரியா'வில் லண்டன் போனால், லண்டன் நம்ம கண்ணில் படும்.

இவ்வளவையும் மனசுல எழுதி வச்சுக்கிட்டு நைனா கிட்ட போனேன். மனுஷன் வாலிபத்தில் பொன்னேரி சலூனில் கல்கண்டு படிச்சவர். அப்புறம் இருபத்தஞ்சு வருஷம் சிப்காட்டில் உருக்குப் பட்டறை. இன்னிவரைக்கும் பாஸ்போர்ட் கிடையாது. அதிகபட்ச தூரம் திருப்பதி.

"நைனா, உனக்கு இதுல என்னதான் புடிச்சுது?"

"கதை யாருக்கு ஞாபகம் இருக்குது? ஊரு பேரு புடிச்சுது. பெர்லின்ல போயி நம்ம ஆளு கால் மேல கால் போட்டு டீ கேப்பான்டா. இங்க நான் ஃபோர்மேன் எதுருல உக்கார முடியாது."

எனக்குப் பேச்சு வரலை. லெ காரே, சுவர், திரைச்சீலை எல்லாத்தையும் அந்த ஒரு கிளாஸ் டீ ஓரமா தள்ளிடுச்சு. நான் சொன்ன குறை எதுவும் பொய்யில்லை. ஆனா நான் ஆசிரியரை மட்டும் எடை போட்டேன், வாசகனை விட்டுட்டேன். உளவு நாவல் இங்கிலாந்துக்காரனுக்கு சாம்ராஜ்யம் போன துக்கம். பட்டறை ஆளுக்கு அது, யார் முன்னாலும் உட்கார்ந்து டீ கேட்கலாம்ங்கிற நெனப்பு.

நைனா இந்தப் புத்தகத்தை வாங்கினது மூர் மார்க்கெட் பழைய கடையில். 1985-ல் அது எரிஞ்சு போச்சு. அந்த இடத்துலதான் இப்போ புறநகர் ரயில் நிலையம். கும்மிடிப்பூண்டி வண்டி கிளம்புறதே அங்கிருந்துதான்.

இன்னொரு வேடிக்கை. தனித்தமிழ் மேல் அவ்வளவு பற்று வச்சிருந்தவர், நாயகனுக்கு வடக்கத்திப் பேரு வச்சார். சங்கர்'லால்'! தூரத்து ஊர் வாசனைக்காகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இன்னிக்கு என் பெட்டியில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த நிஜ லால்கள் நின்னுக்கிட்டு வர்றாங்க. எந்த ஃபோர்மேன் எதிரிலும் அவங்களால உட்கார முடியாது.

நேத்து ஸ்டேஷன் கடையில் ஒருத்தனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பெஞ்சில் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ரொம்ப நேரம் தயங்கிட்டுத்தான் உட்கார்ந்தான்.

டிஸ்கி: பெட்டியில் 'டோக்கியோ ரோஜா'வும் இருக்கு. யாரும் இரவல் கேட்கப்படாது. நைனா தரமாட்டார் :-)