தடிமனுக்கு மருந்து தேடிய வரலாறு

மருத்துவ வரலாற்றை ஆராயப் புகுவோர் கொள்ளைநோய், பெரியம்மை, காசநோய் முதலான கொடும்பிணிகளையே பெரிதும் நாடுவர். ஈழத்தில் நாம் தடிமன் என்றும், தமிழகத்தார் சளி, நீர்க்கோவை என்றும் வழங்கும் எளிய நோய் அவர்தம் கருத்தைக் கவர்வதில்லை. உயிரைக் கொள்ளாத நோய்க்கு வரலாறு எதற்கு என வினவுவோரும் உளர். எனினும், ஒரு மருந்து உண்மையாகவே பயன் தந்ததா என்பதை அறியும் முறையை மருத்துவ உலகு கற்றுக்கொண்ட கதையில் இந்நோய் வகித்த இடம் சிறிதன்று.

இதற்குக் காரணம் தடிமனின் இயல்பிலேயே உள்ளது. அது தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் உச்சம் பெற்று, பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களுள் தானாகவே நீங்கிவிடும். நோயாளி மருந்தைத் தேடுவதோ துன்பம் உச்சம் பெறும் வேளையில். ஆகவே, அவன் எதனை உட்கொண்டாலும் அடுத்த ஓரிரு நாட்களில் நலம் தோன்றவே செய்யும். புகழ் மருந்தைச் சென்று சேரும்.

நோயின் காரணத்தை நாடிய முயற்சிகளுள் 1914இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வால்தர் குரூசே செய்த பரிசோதனை முதன்மையானது. தடிமனுற்ற ஒருவரின் மூக்குநீரை, பக்ரீரியாக்கள் புகவியலாத வடியினூடாகச் செலுத்தி, வடிந்த நீரைப் பன்னிருவரின் மூக்கில் இட்டார். நால்வருக்குத் தடிமன் கண்டது. பின்னர் 36 பேரிடம் செய்தபோது 15 பேர் நோயுற்றனர். அந்த 36 பேரும் மாணவர்கள் என்பதை இவ்விதழின் வாசகர் குறித்துக்கொள்வாராக! பக்ரீரியாவினும் நுண்ணிய ஒன்றே காரணம் என்பது இதனாற் புலனாயிற்று.

மருந்து பற்றிய கதையின் முக்கிய கட்டம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிகழ்ந்தது. பெனிசிலினின் புகழ் பரவத் தொடங்கியிருந்த அவ்வேளையில், பூஞ்சணங்களிலிருந்து வேறு அரிய மருந்துகளும் கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பு நிலவியது. இலண்டனில் ஹரல்ட் றெய்ஸ்ரிக்கின் ஆய்வுகூடத்தில் பெனிசிலியம் இனப் பூஞ்சணமொன்றிலிருந்து பற்றுலின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. புற்றுநோய் ஆய்வாளர் ஒருவர் அதனைத் தமது தடிமனுக்கே பயன்படுத்தி நலம் கண்டார். கடற்படையினரிடையே சோதித்தபோது, மருந்து பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு நாட்களுள் முற்றாகக் குணமடைந்தனர் என்றும், பெறாதோரில் அவ்வாறு குணமடைந்தோர் பத்திலொரு பங்கினரும் இலர் என்றும் 1943இல் அறிவிக்கப்பட்டது. வேலைநாட்களை விழுங்கும் நோயொன்றுக்கு மருந்து கிட்டியதென்பது போரில் ஈடுபட்டிருந்த நாட்டுக்குச் சிறிய செய்தியா?

பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை இதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் தொழில்புரிந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் 1943-44இல் புதிய பரிசோதனையொன்றை நடத்தியது. நான்கு கரைசல்கள் ஆக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்டது. அவற்றுள் இரண்டில் பற்றுலின் இருந்தது, இரண்டில் இல்லை. எதில் எது இருந்தது என்பதை மூக்கிலிட்டவரும் அறியார், கொடுத்தவரும் அறியார். 1944இல் முடிவு வெளிவந்தது. பற்றுலினைப் பெற்றோருக்கும் வெறுங்கரைசலைப் பெற்றோருக்கும் இடையே வேறுபாடு இருக்கவில்லை.

இப்பரிசோதனையை நடத்திய குழுவின் செயலாளர் பிலிப் டார்சி ஹாட், காசநோய்க்கான ஸ்ரெப்ரோமைசின் பரிசோதனையிலும் பின்னர் முக்கிய பங்கேற்றார். 1948இல் வெளியான அவ்வறிக்கையையே பாடநூல்கள் நவீன மருத்துவப் பரிசோதனையின் தோற்றுவாயாகப் போற்றுகின்றன. வென்ற மருந்தின் பெயரால் ஒரு முறையை நினைவுகூர்ந்து, தோற்ற மருந்தின் பெயரால் அது முன்னரே கைக்கொள்ளப்பட்டதை மறந்துவிடுவது நீதியன்று என்பதே எமது கருத்து. பற்றுலினோ பின்னர் நச்சுப்பொருளாகக் கருதப்படலாயிற்று. அப்பிள் சாற்றில் அது கிலோகிராமுக்கு 50 மைக்குரோகிராமை விஞ்சலாகாது என்பது இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

1946இல் கிறிஸ்ரோபர் அன்ட்றூஸ் சோல்ஸ்பரி நகருக்கு அருகே, போர்க்காலத்தில் ஹாவாட் பல்கலைக்கழகம் அமைத்த மருத்துவமனைக் குடில்களில் தடிமன் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். தொண்டர்கள் பத்து நாட்கள் தங்கி, உணவும் கைச்செலவுக்குச் சிறு பணமும் பெற்று, மூக்கில் வைரசை ஏற்றனர். குளித்த ஈரத்துடன் காற்றோட்டமான இடைவழியில் நிற்கவைத்தும், ஈரக் காலுறையுடன் இருக்கவைத்தும் பார்த்தபோது குளிர் மட்டும் எவருக்கும் தடிமனை உண்டாக்கவில்லை. மழையில் நனையாதே என்னும் அன்னையர் கூற்று இதனால் முற்றாகப் பொய்த்துவிட்டது எனக் கொள்ளலும் ஆகாது. 2005இல் கார்டிப் நகரில் குளிர்நீரில் பாதம் வைத்த 90 பேருள் 13 பேரும், வையாத 90 பேருள் 5 பேரும் அடுத்த சில நாட்களில் தமக்குத் தடிமன் கண்டதாகக் கூறினர். உடலில் முன்னரே மறைந்திருந்த வைரசைக் குளிர் எழுப்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர் தந்த விளக்கம். சோல்ஸ்பரி நிலையம் 1990இல் மூடப்பட்டது. தடிமனை உண்டாக்கும் கொறோனா வைரசொன்றை அது 1965இல் இனங்கண்டிருந்தது. மருந்தை மட்டும் காணவில்லை. றைனோ வைரசில் மட்டும் நூற்றறுபதுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளமையால் தடுப்பூசி அமைத்தலும் கைகூடவில்லை.

1970இல் லைனஸ் போலிங் எழுதிய நூலால் விற்றமின் சி பெரும் புகழ் பெற்றது. நாடோறும் உட்கொள்வோரிடம் அது நோய்க்காலத்தை ஏறத்தாழ 8 வீதம் குறைக்கிறது. தடிமன் கண்டபின் உட்கொள்வதால் நிலையான பயன் காணப்படவில்லை. வைரசைக் கொல்லும் ஆற்றல் நுண்ணுயிர்கொல்லிகளுக்கு அறவே இல்லை. ஆயினும் அவற்றை எழுதித் தராத மருத்துவரைக் குறைகூறும் நோயாளர் நம்மிடையே பலர்.

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த நீரைப் பருகக் கொடுத்து, ஆவி பிடிக்கச் செய்யும் நம் இல்லத்து வழக்கத்தை இவ்விடத்தில் நோக்கலாம். அது நோயை மாற்றும் என்பது ஒன்று. நோயாளிக்கு ஆறுதல் தரும் என்பது வேறொன்று. கார்டிப் ஆய்வாளர் 2008இல் பழச்சாற்றுப் பானமொன்றைத் தடிமனுற்ற 30 பேருக்குக் கொடுத்தனர். அறை வெப்பநிலையில் இருந்த பானம் மூக்கொழுகல், இருமல், தும்மல் ஆகியவற்றை மட்டும் தணித்தது. சூடான பானமோ அவற்றுடன் தொண்டை நோவு, குளிர், களைப்பு ஆகியவற்றையும் தணித்தது. கருவிகொண்டு அளந்தபோது மூக்கினூடான காற்றோட்டம் சிறிதும் கூடியிருக்கவில்லை. மூக்கடைப்புக் குறைந்துவிட்டதாகப் பருகியோர் கூறினர். ஆறமுன் குடி என்று நம் பாட்டிமார் அடுக்களையில் நின்று கண்டிப்பது சூட்டைக் குறித்தே அன்றோ!