பழைய கணினியைத் தூக்கி வீச முன்: குறைந்த நினைவகத்தில் லினக்ஸ்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாற ஆகக் குறைந்தது 4 ஜீபி நினைவகமும் டீபீஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். கல்முனையிலோ மருதமுனையிலோ ஒரு வீட்டில் பிள்ளையின் படிப்புக்கென வாங்கிய பத்து, பதினைந்து வருடப் பழைய கணினியில் இவை பெரும்பாலும் இருக்காது. புதியது வாங்குவதும் இலேசல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அதன் பிறகு கணினி விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் கைகொடுக்கிறது.

எதைத் தெரிவு செய்வது?

நினைவகம் 4 ஜீபி இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு போதும். 2 ஜீபியிலும் அது இயங்கும். ஆனால் சற்று மந்தமாக. 1 ஜீபியோ அதற்கும் குறைவோ என்றால் ஆண்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். செயலி 32 பிட் வகையா என்பதையும் முதலில் அறிந்துகொள்ளுங்கள். 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. ஆண்டிஎக்ஸ் 23 பதிப்பு 32 பிட்டுக்கும் கிடைக்கிறது.

எப்படி நிறுவுவது?

கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜீபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றுங்கள். பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும். பின்னர் கணினியை அதிலிருந்து இயக்குங்கள். நிறுவாமலே வைஃபை, ஒலி, திரை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். திருப்தியென்றால் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு நிறுவுங்கள்.

நினைவகத்தை விழுங்குவது எது?

பெரும்பாலும் இணைய உலாவிதான். ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று பக்கங்களுக்கு மேல் திறக்காதீர்கள். இசட்ரேம் என்ற வசதியை இயக்கினால், நினைவகத்தில் உள்ள தரவு சுருக்கி வைக்கப்பட்டு இடம் மிஞ்சும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் பாவித்த நினைவக அட்டை ஒன்றைப் போடுவதே ஆகச் சிறந்த செலவு. 1 ஜீபி கணினியில் எழுத்து வேலை நடக்கும். சூம் வகுப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ் எழுதலாமா?

ஐபஸ், எம்17என் பொதிகளை நிறுவினால் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் கிடைக்கும். பாமினியில் தட்டச்சிட்ட பழைய வினாத்தாள்களுக்கு, அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் லிப்ரே ஒபிஸில் வாசிக்கலாம்.

இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா?

2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறைக் கரையைச் சிதைத்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய சஹானாவும் இத்தகைய சுதந்திர மென்பொருள்தான். பின்னர் அது வெளிநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

ஆகவே பழைய கணினியை இரும்புக்குப் போட முன், ஒரு பென் டிரைவும் ஒரு பின்னேரமும் ஒதுக்கிப் பாருங்கள். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஆவணமும் விரிதாளும் பழக அது போதுமாக இருக்கலாம்.